குடும்பமாக ஏர் பிஸ்டல் பழக ஆசை, பெங்களூரில் எப்படித் தொடங்குவது?

மீனா_கம்மனஹள்ளி

எல்லோருக்கும் வணக்கம். என் பெண் எட்டாம் வகுப்பு, பையன் நாலாம் வகுப்பு. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஒரே போட்டித் தொடரில் ரெண்டு வெண்கலம் வாங்கினாரே, அன்றிலிருந்து பெண்ணுக்கு ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி, பழக ஆசை. கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள் என்று விட்டுப் பிடித்தோம், மறக்கவில்லை. அவளோடு படிக்கும் ஒரு பெண் வாரக் கடைசியில் துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் ஆசை இன்னும் கூடிவிட்டது. போன மாதம் அந்தக் குடும்பத்தோடு நாங்களும் ஒருமுறை போய்ப் பார்த்தோம். அங்கே என் வீட்டுக்காரரையும் கொஞ்ச நேரம் சுட்டுப் பார்க்கச் சொன்னார்கள். திரும்பி வரும்போது காரில் பெண்ணைவிட அவர்தான் அதிகம் பேசினார்.

எங்கள் வீட்டில் சனி ஞாயிறு என்றால் நாலு பேரும் நாலு பக்கம். பெண்ணுக்கு டியூஷன், பையனுக்கு கிரிக்கெட், அவருக்கு லேப்டாப், எனக்கு சமையலறை. நாலு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்டு, சின்னப் போட்டிகளில் சேர்ந்தே கலந்துகொள்ளக்கூடிய ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், இது அப்படி அமையுமோ என்று தோன்றுகிறது.

கேட்க நிறைய இருக்கிறது. இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? எங்கள் அபார்ட்மென்டில் கூர்க் குடும்பம் ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார்கள், அது எல்லோருக்கும் பொருந்துமா? ஒன்பது வயதுப் பையனைச் சேர்க்கலாமா, காத்திருக்கட்டுமா? எனக்கு 41, அவருக்கு 46, இந்த வயதில் புதிதாகத் தொடங்கினால் போட்டி அளவுக்கு வர முடியுமா? நாலு பேருக்கும் நாலு பிஸ்டல் வாங்க வேண்டியிருந்தால் எங்களுக்குக் கட்டாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், "வீட்டுக்குள்ள துப்பாக்கியா" என்று ஒரு வார்த்தை கேட்டார், அதற்கு மேல் பேசவில்லை. அவருக்கு என்ன சொல்வது என்றும் யாராவது சொல்லுங்கள்.

ராமமூர்த்திநகர்_அப்பா

மேடம், நாங்கள் குடும்பமாகத்தான் சுடுகிறோம். நான், மனைவி, ரெண்டு பெண்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். நம் நாட்டில் ஆயுதச் சட்டம் 1959, அதன் கீழ் ஆயுத விதிகள் 2016. 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அளவுக் குழல், 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றல், இந்த வரம்புக்குள் இருக்கும் ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். பந்தயத்தில் சுடும் ஏர் பிஸ்டலின் குண்டு அரை கிராம் எடை இருந்தாலே அதிகம், விநாடிக்கு 150 மீட்டர் வாக்கில் போகும், கணக்குப் போட்டால் ஐந்தாறு ஜூல்தான் வரும். வாங்கும்போது ஆதார், முகவரி கொடுத்து, பில்லைப் பெரியவர் ஒருவர் பெயரில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 25 மீட்டரில் சுடும் .22 பிஸ்டல் வேறு கதை. அது நிஜமான வெடிமருந்துத் துப்பாக்கி, அதற்கு லைசென்ஸ், போலீஸ் விசாரணை, 21 வயது எல்லாம் உண்டு. இப்போதைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். கூர்க்காரர்களுக்கு இருப்பது கொடவ சமூகத்தாருக்கும் அங்கே ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் விலக்கு. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஏர் பிஸ்டலுக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஐந்தாறு ஜூல் என்றதும் விளையாட்டுச் சாமான் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். எங்கள் வீட்டில் பிஸ்டல் பூட்டிய பெட்டியில் ஒரு அலமாரி, காற்று சிலிண்டர் கழற்றி வேறு அலமாரி, குண்டு டப்பா இன்னொரு இடம். சாவி எனக்கும் மனைவிக்கும் மட்டும். பெண்கள் ரெண்டு பேரும் என்னைவிட நன்றாகச் சுடுகிறார்கள், ஆனாலும் சாவி அவர்களிடம் கிடையாது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவதும் கிடையாது. உங்கள் மாமியாரிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லுங்கள், அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது பணம். உடனே பிஸ்டல் வாங்காதீர்கள். கர்நாடக ஸ்டேட் ரைஃபிள் அசோசியேஷனோடு இணைந்த கிளப் எது, உங்கள் பக்கத்தில் எது என்று விசாரித்து, அங்கே கிளப் பிஸ்டலிலேயே முதல் சில மாதம் ஓட்டுங்கள். வால்தர், ஸ்டெயர், மோரினி, பார்டினி, ஃபெயின்வெர்க்பாவ் என்று நல்ல பிஸ்டல்கள் எல்லாமே ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலியிலிருந்து வருபவை, விலை லட்சக் கணக்கில் போகும். அந்தப் பணத்தைப் போடும் முன் வீட்டில் யாருக்கு இது நிலைக்கிறது என்று தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் நிச்சயமாக நிலைக்கும் என்று நினைத்த பெரியவள் நடுவில் ஒரு வருஷம் விட்டுவிட்டாள், சும்மா துணைக்கு வந்த மனைவி இன்றைக்கு வீட்டிலேயே நல்ல ஸ்கோர் போடுகிறார்.

நாலு பேருக்கு நாலு பிஸ்டல் தேவையே இல்லை. ஆனால் கைப்பிடியைக் கவனிக்க வேண்டும். பந்தய பிஸ்டலின் மரக் கைப்பிடி உள்ளங்கையைச் சுற்றிப் பொருந்தும்படி செதுக்கியது, சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு உண்டு, வலது கைக்கு வேறு, இடது கைக்கு வேறு. என் கைக்குச் சரியாக இருப்பது சின்னவள் கைக்கு ஆடும். பெரும்பாலான மாடல்களில் கைப்பிடியை ஸ்க்ரூ கழற்றி மாற்றிவிடலாம், அதனால் ஒரு பிஸ்டல், ரெண்டு கைப்பிடி என்று நாங்கள் ரொம்ப நாள் சமாளித்தோம். இடிக்கும் இடத்தை அரத்தால் ராவுவோம், தொளதொள என்று இருக்கும் இடத்தில் மரப் புட்டி வைத்து அடைத்துக் காய்ந்ததும் தேய்ப்போம். ரைஃபிள் பக்கம் போனால் ஆளுக்கு ஒரு கனமான ஜாக்கெட், பேன்ட், கையுறை, ஷூ என்று தனித்தனியாகத் தைக்க வேண்டும், பிள்ளை வளர வளர மறுபடியும் தைக்க வேண்டும். பிஸ்டலில் அந்தச் செலவு இல்லை. அதனால்தான் குடும்பமாகப் பழக நினைப்பவர்களுக்கு நான் பிஸ்டலையே சொல்வது.

குண்டு 500 போட்ட டப்பாவாக வரும். ஒரு போட்டிக்கு 60 குண்டு, பயிற்சி நாளில் முன்னே பின்னே சேர்த்து நூறு போகும் என்றால் ஒரு ஆளுக்கு ஐந்து நாளில் ஒரு டப்பா காலி. மாதச் செலவு அங்கேதான் கணிசமாகப் போகும், இதை நாலு பேருக்குக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

அல்சூர்_பொண்ணு

மீனா அக்கா, நான் ஜூனியர் பிரிவில் ஸ்டேட் வரை சுட்டவள், இப்போது வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கோச்சுக்கு உதவியாக இருக்கிறேன். அண்ணா சொன்னதற்கு மேல் பிள்ளைகள் விஷயத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

பிஸ்டல் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரே கையில், நீட்டிய கையில், இன்னொரு கையால் தாங்காமல் பிடிக்க வேண்டும், அதுதான் விதி. உங்கள் பெண்ணின் வயதுக்கு இது சரி. ஒன்பது வயதுப் பையனுக்குத் தோளும் முதுகும் இன்னும் உறுதிப்படவில்லை. ஒரு பக்கமாகவே எடை தூக்கி, இடுப்பைப் பின்னால் வளைத்து நிற்கப் பழகிவிட்டால் அப்புறம் அந்தப் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம். அவனை ரேஞ்சுக்குக் கூட்டி வாருங்கள், ஸ்டாண்டில் வைத்துத் தாங்கிக் கொஞ்ச நேரம் சுடட்டும், நிற்கும் முறை, பாதுகாப்பு விதிகள் எல்லாம் படியட்டும். முழு எடையைக் கையில் எப்போது கொடுப்பது என்பதைக் கோச் முடிவு செய்யட்டும். அக்காவுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்று அழுவான், அதற்காக அவசரப்படாதீர்கள்.

நாங்கள் முதலில் கற்றுக்கொடுப்பது சுடுவதை அல்ல. பிஸ்டல் வாய் எப்போதும் இலக்குப் பக்கம் மட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே, சுடாதபோது குழலுக்குள் கலர் வயரால் ஆன பாதுகாப்புக் கொடி. ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்" என்று சொன்னால் பாதி இழுத்த ட்ரிகரையும் விட்டுவிட வேண்டும், ஒரு குண்டு மிச்சம் இருக்கிறதே என்பதெல்லாம் கிடையாது. பெற்றோரும் சேர்ந்து பழகினால் இதில் பெரிய லாபம் இருக்கிறது, வீட்டில் ஒரே சட்டம் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவாகிவிடும். அப்பா பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பேசினால் பெண்ணே அதட்டுவாள், அதட்டவும் வேண்டும்.

இப்போது சுடுவதைப் பற்றி. இலக்கு அட்டை 17 சென்டிமீட்டர் சதுரம், 10 மீட்டர் தூரத்தில் தொங்கும், நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அந்தக் கறுப்பு வட்டத்தையே உற்றுப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அதை இல்லை. குறி பார்க்க பிஸ்டலின் முன் நுனியில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக சைட் இருக்கும், அதில் முன்னால் நிற்கும் ஃபிரன்ட் சைட்டைப் பார்க்க வேண்டும், அது கூர்மையாகத் தெரிய வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். காரணம் சொல்கிறேன். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 32 சென்டிமீட்டர் வாக்கில் இடைவெளி. அங்கே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் விலகும், பத்து விழ வேண்டிய குண்டு ஏழில் போய் விழும். ஆனால் சைட் ரெண்டும் ஒழுங்காக ஒரே நேரில் இருந்து, கை முழுவதுமாக ஒரு மில்லிமீட்டர் மேலே கீழே ஆடினால் இலக்கிலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் ஆடும். கை எல்லோருக்கும் ஆடும் அக்கா, ஒலிம்பிக்கில் சுடுபவர்களுக்கும் ஆடும். ஆடுகிற கையோடு சைட்டைக் கலைக்காமல் ட்ரிகரை இழுப்பதுதான் இந்த விளையாட்டே. அதனால் பிள்ளைகளுக்கு முதலில் வட்டமே இல்லாத வெள்ளை அட்டையைத் தொங்கவிட்டுத்தான் சுட வைப்போம்.

ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும், போட்டிக்கு முன் அரைக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அந்த அரைக் கிலோவைத் திடுக்கென்று இழுக்காமல் மெல்ல மெல்ல ஏற்றப் பழகுவதற்கு குண்டு தேவையில்லை, வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர், அதாவது குண்டு போடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகினால் போதும், செலவும் இல்லை. அபார்ட்மென்ட் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ குண்டு போட்டுச் சுடுவது மட்டும் கூடவே கூடாது.

குண்டு ஈயம். குண்டைத் தொட்ட கையோடு வடையோ சிப்ஸோ சாப்பிடக்கூடாது, குண்டை வாயில் கவ்விக்கொள்ளவே கூடாது, ரேஞ்சை விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பிள்ளை சுடும்போது பின்னாலிருந்து ஸ்கோர் சொல்லும் பெற்றோரைத் தினமும் பார்க்கிறேன். ஒரு எட்டு விழுந்ததும் "ச்சே" என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் அடுத்த நாலு குண்டுக்கும் அந்தப் பிள்ளையின் தோளில் தெரியும். பக்கத்து லேனில் தானும் நின்று சுடுகிற அம்மாவுக்கு ஒரு எட்டு எப்படி விழுகிறது என்று தெரியும், அவர் அப்படிச் சத்தம் போட மாட்டார். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து வர நினைப்பது இதனாலேயே எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

வைட்ஃபீல்ட்_குமார்

நல்ல விஷயம்தான், ஆனால் ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் ஒரு அகாடமியில் என் அண்ணன் பையனைச் சேர்த்தோம். சேர்ந்த வாரமே ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள், அடுத்த வாரம் தங்களிடமே பிஸ்டல் வாங்கச் சொன்னார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் நிச்சயம் என்று பேச்சு வேறு. ஆறு மாதத்தில் கோச் மாறிவிட்டார், பையனுக்கும் வெறுத்துவிட்டது. கட்டிய பணம் திரும்பவில்லை.

அதனால் மாதக் கட்டணம் வாங்கும் இடமாகப் பாருங்கள். ஒரு கோச்சுக்கு எத்தனை பேர், ஒருவருக்கு லேன் எவ்வளவு நேரம் கிடைக்கும், அங்கே சுடுபவர்களில் எத்தனை பேர் ஸ்டேட் போட்டிக்குப் போயிருக்கிறார்கள் என்று நேரில் கேளுங்கள், பெற்றோர்களிடம் தனியாகவும் கேளுங்கள். சீட் கிடைக்கும், வேலை கிடைக்கும் என்று முதல் நாளே பேசுகிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவும் ஆசைப்பட்டுத்தான் தொடங்கியிருப்பார், கோட்டாவுக்காக இல்லை.

மீனா_கம்மனஹள்ளி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா எழுதியதை அப்படியே மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் திரும்பக் கேட்டார், என்னிடம் என்றேன், சரி என்றார். பையன் விஷயத்தில் அல்சூர் தங்கை சொன்னபடியே செய்கிறோம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். வீட்டுக்காரருக்குத் தூரப் பார்வைக்குக் கண்ணாடி உண்டு, இப்போது கிட்டப் பார்வைக்கும் போட ஆரம்பித்திருக்கிறார், ரெண்டும் சேர்ந்த கண்ணாடி. ரேஞ்சில் அன்று ஃபிரன்ட் சைட்டே சரியாகத் தெரியவில்லை என்றார். அப்புறம் அவருக்கு பிரஷர் மாத்திரை ஓடுகிறது. இதெல்லாம் இருந்தால் அவர் வேடிக்கை பார்க்கத்தான் வர வேண்டுமா?

ஓய்வுபெற்ற_சுந்தரம்

அம்மா, நான் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அறுபதைத் தாண்டியும் போட்டிகளில் சுட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கண்ணாடி விஷயம் எளிது. ரெண்டும் சேர்ந்த கண்ணாடியில் மேல் பகுதி தூரத்துக்கு, கீழ்ப் பகுதி புத்தகம் படிக்க. ஃபிரன்ட் சைட் இந்த ரெண்டிலும் சேராது, கண்ணிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் நிற்கும். கண் மருத்துவரிடம் அந்தத் தூரத்தைச் சொல்லிக் கேட்டால் சுடும் கண்ணுக்குத் தூரப் பார்வை பவரோடு அரை அல்லது முக்கால் பிளஸ் கூட்டி ஒரு தனி லென்ஸ் எழுதிக்கொடுப்பார். சாதாரண ஒற்றை பவர் கண்ணாடியாகப் போட்டுக்கொண்டாலும் போதும், விலை உயர்ந்த சுடும் கண்ணாடி பிறகு வாங்கிக்கொள்ளலாம். மற்ற கண்ணை இடுக்க வேண்டாம், இடுக்கினால் ரெண்டு கண்ணும் களைத்துவிடும். அந்தப் பக்கம் 30 மில்லிமீட்டர் அகலத்துக்குள் ஒரு மறைப்பு வைத்துக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. பாரிஸில் ஐம்பத்தோரு வயது துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் சாதாரணக் கண்ணாடி போட்டுக்கொண்டு கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வாங்கினாரே, அந்தப் படத்தை உங்கள் வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள்.

பிரஷர் மாத்திரை விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். அது பீட்டா பிளாக்கர் வகையா என்று பாருங்கள், அட்டெனலால், மெட்டோப்ரொலால், ப்ரோப்ரனலால் எல்லாம் அந்த வகை. இவை இதயத் துடிப்பைக் குறைத்துக் கை நடுக்கத்தை அடக்கும் என்பதால் துப்பாக்கி சுடுதலில் தடை செய்யப்பட்டவை, போட்டி நாளில் மட்டுமல்ல, மற்ற நாளிலும். 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு பிஸ்டலில் வாங்கிய ரெண்டு பதக்கத்தையும் ப்ரோப்ரனலாலுக்காகப் பறித்துவிட்டார்கள். அதற்காகப் போட்டிக்கு ஆசைப்பட்டு மாத்திரையைத் தானே நிறுத்திவிடக்கூடாது, உயிர் முக்கியம். மருத்துவரிடம் இந்த விளையாட்டில் இறங்கப் போகிறேன் என்று சொல்லி, வேறு வகை மாத்திரை ஒத்துவருமா என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். ரேஞ்சில் பொழுதுபோக்காகச் சுடுவதற்கு இது ஒரு தடையும் இல்லை, முறையான போட்டி என்று வரும்போதுதான் கேள்வி.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். மூத்தவர்களுக்கு மாஸ்டர், அதற்கும் மேல் சீனியர் மாஸ்டர் என்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஜார்ஜியா நாட்டு நினோ சலுக்வாட்சே என்ற அம்மையார் 1988 சியோலில் பிஸ்டலில் தங்கம் வாங்கியவர், 2024 பாரிஸ் அவருக்குப் பத்தாவது ஒலிம்பிக். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர் அப்பா. 2016 ரியோவில் அவரும் அவர் மகனும் ஒரே ஒலிம்பிக்கில் பிஸ்டல் சுட்டார்கள், தாயும் மகனும் அப்படி ஒன்றாகக் கலந்துகொண்டது அதுவே முதல் தடவை. அவ்வளவு தூரம் போவானேன், நம்ம பெங்களூர் பிரகாஷ் நஞ்சப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பாப்பண்ணாவும் இதே விளையாட்டுக்காரர், மகனை இழுத்து வந்தவரும் அவரே. கனடாவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவர் திரும்பி வந்து, 2013இல் சாங்வோன் உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். அதே வருஷம் முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்தது, பெல்ஸ் பால்சி. கண் இமைகூடச் சரியாக மூடாத நிலையிலிருந்து தேறி, அடுத்த வருஷமே கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெள்ளி, 2016இல் ரியோ ஒலிம்பிக். நாற்பதை நெருங்கிய வயதில்தான் இதெல்லாம்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. என் மனைவியும் ஆரம்பத்தில் அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டாள். ஒரு ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, தையல் மெஷின், என் ஸ்க்ரூடிரைவர் செட்டோடு பிஸ்டல் பெட்டியையும் எடுத்து வைத்து, தானே சந்தனம் குங்குமம் வைத்தாள். அதற்குப் பிறகு எதிர்ப்பில்லை. உங்கள் மாமியாரை ஒருநாள் ரேஞ்சுக்கே அழைத்துப் போங்கள், நாற்காலி போட்டு உட்காரட்டும். அங்கே இருக்கும் அமைதியையும் ஒழுங்கையும் கண்ணால் பார்த்தால் நாம் சொல்லி விளங்க வைப்பதைவிட நன்றாக விளங்கும்.

அல்சூர்_பொண்ணு

சுந்தரம் சார் சொன்ன மாத்திரை விஷயத்தை எங்கள் கோச்சிடமும் காட்டினேன், புதிதாகச் சேரும் பெரியவர்கள் எல்லோரிடமும் இதை முதலிலேயே கேட்க வேண்டும் என்றார்.

அக்கா, போட்டி அளவுக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள், போட்டி எப்படி ஏறிப் போகும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கிளப்புக்குள் நடக்கும் போட்டி, அப்புறம் மாநிலப் போட்டி. அங்கே தகுதி ஸ்கோர் எடுத்தால் மண்டல அளவு, மாவ்லங்கர் போட்டி போன்றவை, அதற்கும் மேல் நேஷனல்ஸ். எல்லாவற்றையும் மேலே இருந்து நடத்துவது தேசிய ரைஃபிள் சங்கம், என்ஆர்ஏஐ, 1951லிருந்து இருக்கிறது. புதியவர்களுக்கு என்ஆர் என்ற தேசிய விதிப் பிரிவு உண்டு, நேரே ஐஎஸ்எஸ்எஃப் என்ற சர்வதேச சங்கத்தின் விதிப் பிரிவில் போய் முட்டிக்கொள்ள வேண்டாம். சரியான போட்டி என்பது 15 நிமிஷத் தயாரிப்பு, அப்புறம் 75 நிமிஷத்தில் 60 குண்டு, முழு மார்க் 600. பாரிஸில் மனு பாக்கர் தகுதிச் சுற்றில் எடுத்தது 580. முதல் வருஷம் உங்கள் பெண் 500ஐத் தொட்டாலே நான் சந்தோஷப்படுவேன். கிளப் போட்டிகளில் அப்பா மகள், அம்மா மகன் என்று கலப்பு அணியாகச் சேர்த்து விடச் சொல்லிக் கேளுங்கள், நாங்கள் அப்படி நடத்தும்போதுதான் ரேஞ்சே நிறைகிறது.

முதல் நாள் வரும்போது தட்டையான அடியுள்ள சாதாரண ஷூ போதும், கணுக்காலை மூடும் உயரமான ஷூ பிஸ்டலில் செல்லாது. சுடும் கையில் வாட்ச், வளையல், கயிறு எதுவும் வேண்டாம், மணிக்கட்டுக்குத் தாங்கலாக எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி. பெண் தலைமுடியைப் பின்னி வரட்டும், கண்ணில் விழாமல் இருக்கும். வெறும் வயிற்றில் வராதீர்கள், ரெண்டு இட்லியாவது சாப்பிட்டு வாருங்கள். காபி பழக்கம் உள்ளவர்கள் கிளம்பும் நேரத்தில் குடிக்காமல் கொஞ்சம் முன்னதாகவே குடித்துவிடுங்கள். மெட்ரோவில் பிஸ்டல் பெட்டியோடு வர நினைக்க வேண்டாம், செக்யூரிட்டியில் பதில் சொல்லியே நேரம் போய்விடும், இப்போதைக்குக் கிளப் பிஸ்டல்தான் என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்குள் வந்தால் லேன் காலியாக இருக்கும், பத்தைத் தாண்டினால் வரிசையில் நிற்க வேண்டும்.